'கோரலைன்' படத்தை எட்டு வயதுப் பெண்ணுக்குக் காட்டலாமா?

கொடுங்கையூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. 'கோரலைன்' குழந்தைகள் படம் என்று நண்பர்கள் சொன்னதை நம்பிப் போட்டீர்கள். பத்து நிமிடத்தில், இது பேய்ப்படம் மாதிரி இருக்கிறதே என்று நிறுத்திவிட்டீர்கள். இந்தப் படத்தின் நிறை என்ன, குறை என்ன என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். படம் நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்பது உங்கள் கவலை இல்லை என்று நினைக்கிறேன். ஏற்கெனவே இருட்டைக் கண்டால் பயப்படுகிற பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஏன் பயத்தைக் காட்ட வேண்டும், அந்தப் பயத்துக்கு ஈடாக அவளுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாலை நேரப் படிப்பகத்தில் 14 வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை மொட்டைமாடியில் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டர் வைத்துப் படம் போடுவோம். இந்தப் படத்தை இதுவரை 5 தடவை போட்டிருக்கிறேன். எல்லாத் தடவையும் சேர்த்து ஒரு 150 பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். படம் ஓடும்போது நான் திரையைப் பார்ப்பதைவிட அவர்கள் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பேன். நான் மனநல மருத்துவர் இல்லை. உங்கள் மகளை நான் பார்த்ததும் இல்லை. கூட்டமாக உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறேன். வீட்டில் தனியாக, இரவில், செல்போனில் பார்க்கிற பிள்ளையின் அனுபவம் வேறு. அதனால் நான் கண்ணால் பார்த்தது எது, என் ஊகம் எது என்று பிரித்துப் பிரித்தே சொல்கிறேன்.

கதை சுருக்கமாக. கோரலைன் என்ற பெண் அப்பா அம்மாவோடு ஊர் மாறி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பழைய பெரிய வீட்டின் ஒரு பகுதிக்குக் குடி வருகிறாள். இருவரும் கம்ப்யூட்டர் முன்னாலேயே இருக்கிறார்கள். தோட்டக்கலை பற்றி எழுதுவது அவர்கள் வேலை, ஆனால் மண்ணில் கால் வைக்கப் பிடிக்காது. பெண்ணோடு பேச நேரமில்லை. வீட்டின் சுவரில் காகிதம் ஒட்டி மறைத்த ஒரு குட்டிக் கதவு. முதலில் பகலில் திறந்தபோது செங்கல் சுவர். அன்று இரவு திறந்தால் ஒரு சுரங்கம், அதன் மறுமுனையில் அதே வீடு. அங்கே இன்னொரு அம்மா, இன்னொரு அப்பா. கேட்டதெல்லாம் கிடைக்கும், அன்பு வழியும். ஒரே வித்தியாசம், அவர்களுக்குக் கண் இருக்கிற இடத்தில் சட்டைப் பட்டன் தைத்திருக்கும். அங்கேயே தங்கலாம், ஆனால் அவளும் தன் கண்ணில் பட்டன் தைத்துக்கொள்ள வேண்டும். ஹென்றி செலிக் இயக்கி 2009-ல் வெளிவந்த படம், 100 நிமிடம். எடுத்தது லைக்கா என்ற ஸ்டுடியோ. நம் ஊரில் படமெடுக்கும் லைகா இல்லை, அது வேறு. பொம்மைகளைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாக எடுத்துச் சேர்த்தது. இதன் மூலம் 2002-ல் வந்த ஒரு சிறுவர் நாவல்.

நீங்கள் நிறுத்திய அந்தப் பத்து நிமிடத்துக்குள் வருகிற முதல் காட்சியிலிருந்தே தொடங்குகிறேன். ஊசி மாதிரி மெலிந்த இரும்பு விரல்கள் ஒரு பழைய துணிப் பொம்மையை மேசைமேல் வைக்கின்றன. முடியை வெட்டுகின்றன, வாய்த் தையலைப் பிரிக்கின்றன, பட்டன் கண்ணை எடுக்கின்றன, உள்ளே இருப்பதை உருவிவிட்டுப் பொம்மையை உள்வெளியாகத் திருப்புகின்றன. அப்புறம் புதிதாக மரத்தூளை அடைத்து, புதுக் கண், புது வாய் தைத்து, நீல முடி வைத்து, மஞ்சள் மழைக்கோட்டு மாட்டி ஜன்னல் வழியாக வெளியே அனுப்புகின்றன. ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. ஊசி துணியைக் குத்திக்கொண்டு நம் முகத்துக்கு நேராக வரும். பெரியவர்களுக்கு இது அறுவைச் சிகிச்சை மாதிரி தெரிகிறது. உங்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

எங்கள் மாடியில் என்ன நடந்தது என்றால், முன்வரிசையில் இருந்த பெண்பிள்ளைகள் எழுந்து முட்டி போட்டு உட்கார்ந்தார்கள். எங்கள் தெருக்களில் பல வீடுகளில் அம்மாக்கள் ரெடிமேட் சட்டைக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பவர்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை நூல் கோத்துக் கொடுக்கும். ஒரு பெண் சொன்னாள்: "பிரிச்சுத் தைக்கிறது புதுசா தைக்கிறதைவிடக் கஷ்டம் மிஸ்." இன்னொருத்தி, "எங்கம்மா இதைவிட வேகமா தைப்பாங்க" என்றாள். அந்தக் கைகளைப் பார்த்து அவர்கள் மிரளவில்லை, வேலை தெரிந்த கை என்று மதித்தார்கள். அதன் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து பட்டன் கண்ணோடு அந்த அம்மா திரும்பிப் பார்க்கும்போது ஒருவரும் கத்தவில்லை. மாடி முழுக்க ஒரு அமைதி. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருள், தினமும் கையில் புரளுகிற பொருள், இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. இந்தப் படத்தின் பெரிய பலம் அதுதான். ரத்தம் இல்லை, பல் இல்லை, இருட்டிலிருந்து திடீரென்று பாய்கிற வேலை மிகக் குறைவு. ஒரு பட்டன் போதும்.

பயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் பயமெல்லாம் தப்புச் செய்தால் வருகிற பயம். சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான், பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். இந்தப் படத்தில் கண்ணைக் குத்த வருகிறவள் கோபமாக வருவதில்லை. சுடச்சுடக் கோழி வறுத்து வைக்கிறாள், குழம்பு பொம்மை ரயிலில் ஏறி மேசையைச் சுற்றி வருகிறது, மாம்பழ மில்க் ஷேக் என்று கேட்டால் தலைக்குமேல் தொங்குகிற சரவிளக்கிலிருந்து கோப்பைக்குள் இறங்குகிறது. 5 தடவையும் அந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் கை தட்டினார்கள். கை தட்டிய அதே பிள்ளைகள்தான், கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு சின்னப் பெட்டியில் பட்டனும் ஊசியும் நூலும் வைத்து அன்பாக நீட்டும்போது பின்னால் சாய்கிறார்கள். அன்பாக இருப்பது வேறு, அன்பாக நடந்துகொண்டு ஒன்றைக் கேட்பது வேறு என்பதை எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாயால் எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்? நான் பல தடவை வகுப்பில் முயற்சி செய்து தோற்றிருக்கிறேன். முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்று சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். இந்தக் காட்சிக்குப் பிறகு ஒரு பையன் தானாகவே சொன்னான்: "முதல்லயே கேட்டிருந்தா யாரும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. அதான் சாப்பிட வச்சுட்டுக் கேக்குறாங்க."

வயது பற்றிப் பேச இங்கே ஒரு ஆய்வு உதவும். சிந்தியா ஹாஃப்னர், ஜோன் கேன்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-ல் வெளியிட்டது. ஒரு கிழவியின் கதையை நான்கு விதமாகப் படம் எடுத்தார்கள். சிலவற்றில் அவள் பார்க்க அன்பான பாட்டி, சிலவற்றில் பார்க்கவே கோரம். அதேபோல் சிலவற்றில் நல்லவளாக நடந்துகொள்வாள், சிலவற்றில் கொடுமைக்காரியாக. மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் தோற்றத்தை வைத்தே அவளை எடைபோட்டார்கள். வயது ஏற ஏற, அவள் என்ன செய்கிறாள் என்பதைப் பார்த்தார்கள். உங்கள் வீட்டிலேயே அந்த இரண்டு வயதும் இருக்கின்றன. உங்கள் மகனுக்கு அந்த அம்மா முகத்தில் பட்டன் மட்டும்தான் தெரியும். மகளுக்கு, இவள் ஏன் இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள் என்ற சந்தேகம் தெரியும். படம் பேசுவது மகளோடு. மகனுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, பயம் மட்டும்தான் மிஞ்சும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு தப்புச் செய்துதான் தெரிந்துகொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கைவேலை பற்றிக் கொஞ்சம். இந்தப் பக்கத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு விநாடிக்கு 24 படம். ஒவ்வொன்றுக்கும் பொம்மையின் கை, தலை, சட்டை மடிப்பு என்று தொட்டுத் தொட்டு நகர்த்த வேண்டும். முகபாவத்துக்காக முகத்தை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான முகத்துண்டுகள் செய்து மாற்றி மாற்றி மாட்டினார்கள். முழுநீளப் படத்துக்கு அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. கோரலைன் போட்டிருக்கும் நட்சத்திரம் போட்ட ஸ்வெட்டர் நிஜமாகவே கம்பி அளவு மெல்லிய ஊசியால் கையில் பின்னியது. நிஜ வீட்டுச் சமையலறையும் மாய வீட்டுச் சமையலறையும் ஒரே அறைபோலத்தான் இருக்கும், ஆனால் அவை இரண்டு தனித்தனி செட். நிஜ வீட்டை ஆழம் குறைத்து, தரையைச் சாய்த்து, நெருக்கிக் கட்டினார்கள். மாய வீட்டுக்கு நல்ல ஆழம் கொடுத்தார்கள். முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்க்க எடுத்த படம் என்பதால், தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அந்தக் கதவைத் தாண்டியதும் மூச்சு விட இடம் கிடைத்ததுபோல் இருந்திருக்கும். டிவியில் அதில் பாதிதான் கிடைக்கும். ஆனாலும் நிறத்தைப் பாருங்கள். நிஜ வீடு மழைக்கால வானம் மாதிரி சாம்பல், அந்தப் பக்கம் விளக்கு வெளிச்சம், ஆரஞ்சு, சிவப்பு. பிள்ளைகளுக்கு யாரும் விளக்காமலே, எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று உடனே புரிந்துவிடுகிறது.

இசையையும் சொல்ல வேண்டும். புரூனோ கூலே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் போட்டது. குழந்தைகளின் கோரஸ் ஒன்று படம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். அதன் வரிகள் எந்த மொழியிலும் இல்லை, அர்த்தம் இல்லாத வெறும் ஒலிகள். ஆங்கிலம் சரளமாக வராத எங்கள் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? வசனத்தில் பாதி புரியாமல் விழித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, அந்தப் பாட்டு வரும்போது மட்டும் யாருக்கும் குறைந்தது இல்லை. படம் முடிந்து மாடிப்படி இறங்கும்போது ஒன்றிரண்டு பேர் அந்த ராகத்தை முனகிக்கொண்டு போவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு கையுறை. முதல் பாதியில் ஒரு நாள் பள்ளிக்கூடச் சீருடை வாங்கக் கடைக்குப் போகிறார்கள். எல்லாமே சாம்பல் நிறம். கோரலைனுக்கு ஒரு ஜோடி வண்ணக் கையுறைமேல் ஆசை. அம்மா முடியாது என்று மறுபடி வைத்துவிடுகிறாள். கடைசிப் பகுதியில், மாய வீட்டிலிருந்து தப்பி வந்தபிறகு, அந்தக் கையுறை ஒரு பொட்டலத்தில் அவள் படுக்கைக்கு வந்து சேர்கிறது. அம்மா பெரிதாக எதுவும் பேசுவதில்லை. கட்டிப்பிடித்து அழுவதும் இல்லை. மாய அம்மா கேட்கிறதுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கொடுத்தாள். நிஜ அம்மா முடியாது என்று சொன்னாள், அப்புறம் கணக்குப் பார்த்து ஒன்றே ஒன்று வாங்கினாள். தீபாவளிக்கு எம்.சி. ரோட்டில் ஒரு கவுனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த பெண்ணுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால், படம் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு பயம் இருந்தது. தனி அறை உள்ள, பெரிய வீட்டில் போரடித்துக் கிடக்கிற அமெரிக்கப் பெண்ணின் தனிமை, ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற பிள்ளைகளுக்கு எப்படி ஒட்டும் என்று நினைத்தேன். நான் நினைத்தது தவறு. விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விட்டு வந்து அசந்து தூங்குகிற அம்மாவைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, அம்மாவுக்கு நேரமில்லை என்பது முதல் காட்சியிலேயே புரிகிறது.

சரி, குறைகள். முதல் குறை கதையின் நடுவில் இருக்கிறது, அது சின்னக் குறை இல்லை. மாய அம்மா, கோரலைனின் நிஜ அப்பா அம்மாவைப் பிடித்து வைத்துக்கொள்கிறாள். அதற்கு முன்னால் அவளிடம் சிக்கிப்போன மூன்று பிள்ளைகளின் ஆவிகளும் இருக்கின்றன. அவர்களுடைய கண்களைக் கண்டுபிடித்தால் விட்டுவிடுகிறேன் என்று ஒரு பந்தயம். அதிலிருந்து படம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு இடம், ஒரு ஆபத்து, ஒரு கண். அடுத்த இடம், அடுத்த ஆபத்து, அடுத்த கண். ஓட்டை போட்ட ஒரு கல் வழியாகப் பார்த்தால் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் கேரம் காய் எண்ணுவதுபோல் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்: "ரெண்டு ஆச்சு, இன்னும் ஒண்ணுதான்." எண்ண முடிகிற ஆபத்து பெரிய ஆபத்து இல்லை. முதல் பாதியில் அவ்வளவு பொறுமையாகக் கட்டி எழுப்பிய கலக்கத்தைப் படமே அவிழ்த்துவிடுகிறது. இதைப் பலவீனம் என்றுதான் சொல்வேன். அதே சமயம், அந்த நேரத்தில் பிள்ளைகள் காலை நீட்டி உட்கார்ந்து கத்தி மகிழ்வதையும் பார்த்திருக்கிறேன். பயத்திலிருந்து கொஞ்சம் இளைப்பாற அவர்களுக்கு அது தேவைப்பட்டதோ என்னவோ. இது என் ஊகம்.

இரண்டாவது, வைபி என்ற பக்கத்து வீட்டுப் பையன். நாவலில் இப்படி ஒரு பையனே கிடையாது. கோரலைன் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரியாமல் இருக்க ஒரு துணை வேண்டும் என்று இயக்குநர் சேர்த்த பாத்திரம். திரைக்கதைக்கு அது வசதிதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. மூலக்கதையில், துரத்திக்கொண்டு வருகிற அந்த ஊசிக் கையைக் கிணற்றில் விழவைக்கிற தந்திரம் முழுக்க அவளுடையது. கிணற்றின்மேல் துணி விரித்து, பொம்மைகளுக்கு விருந்து வைப்பதுபோல் பாசாங்கு செய்து, தனி ஆளாக முடிக்கிறாள். படத்தில் அந்தப் பையன் சைக்கிளில் பாய்ந்து வந்து, கடைசியில் கல்லைப் போட்டு அதை நொறுக்குகிறான். மாய வீட்டுக்குள் அவள் தனியாகத்தான் ஜெயிக்கிறாள், அதை மறுக்கவில்லை. ஆனால் கடைசி அடி அவள் கையில் இல்லை. எங்கள் மாடியில் ஒவ்வொரு தடவையும் பெண்பிள்ளைகளில் யாராவது ஒருத்தி இதைக் கேட்டுவிடுகிறாள். நீங்கள் உங்கள் மகளிடம் நாவலின் முடிவையும் சொல்லுங்கள்.

மூன்றாவது, கீழ்வீட்டில் குடியிருக்கும் இரண்டு வயதான நாடக நடிகைகள். மாய உலகத்தில் அவர்கள் ஒரு மேடை நிகழ்ச்சி நடத்துகிறார்கள். அதில் ஒரு பாட்டி ஏறக்குறைய உடையே இல்லாமல் வருவாள். சிரிப்புக்காக வைத்தது, ஆனால் வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கும்போது எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். கதைக்கு அது தேவையும் இல்லை. அப்புறம் நிஜ அம்மா. கையுறை வரைக்கும் அவளை அளவுக்கு மீறி வறட்டுத்தனமாகக் காட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் கழுத்தில் ஒரு பட்டை போட்டிருப்பாள், வண்டி விபத்தில் பட்ட அடி. வலியோடு வேலை பார்க்கிறவள். படம் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவதால் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. நான் அங்கே படத்தை நிறுத்தி, "அவங்க கழுத்துல ஏன் அது இருக்கு?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்பேன். அதன் பிறகு அவர்கள் அந்த அம்மாவைப் பார்க்கும் பார்வையே மாறும்.

இப்போது என் தப்பு. முதல் தடவை போட்டபோது வயது பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. ஓரமாக உட்கார்ந்து அமைதியாகப் பார்த்தான். அழவில்லை, கண்ணை மூடவில்லை, அதனால் நானும் கவலைப்படவில்லை. நான்கு நாள் கழித்து அவன் அம்மா படிப்பகத்துக்கு வந்தார். வீட்டில் பட்டன் டப்பாவைக் காணோம், மறுநாள் 200 சட்டை கொடுக்க வேண்டும் என்று வீடு முழுக்கத் தேடியிருக்கிறார். அரிசிப் பானைக்குள்ளே, அரிசிக்கு அடியில் இருந்தது. பையன் ஒளித்து வைத்திருந்தான். அம்மா ஊசியை எடுத்தால் அறையைவிட்டு ஓடிவிடுகிறானாம், இரவில் அம்மா முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறானாம். அவர் என்னைத் திட்டவில்லை. என்ன செய்யலாம் என்றுதான் கேட்டார். அந்தக் குடும்பத்தின் சோறே அந்த டப்பாவில் இருக்கிறது. பிள்ளைக்கு அதன்மேலேயே பயத்தை உண்டாக்கிவிட்டேனே என்று அன்று எனக்கு நிலைகொள்ளவில்லை.

அது வெறும் பொம்மை, பொய் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன், பலனில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு விளக்கம் வேலை செய்யாது என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. மடியில் வைத்துக்கொள்வது, கையைப் பிடித்துக்கொள்வது, பயந்த பொருளைத் தானாகத் தொட்டுப் பழக விடுவது, இவைதான் பலன் தரும். அவன் அம்மா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பட்டனை நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். முதல் நாள் தூர உட்கார்ந்து, அடுத்த நாள் பக்கத்தில், அப்புறம் மடியில். இரண்டு வாரத்தில் சரியானது. அதற்குப் பிறகு 8 வயதுக்குக் கீழே யாரையும் இந்தப் படத்துக்கு நான் உட்காரவைப்பதில்லை. அமெரிக்காவில் இதற்கு, பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்றுதான் சான்றிதழ், வயது எல்லை எதுவும் போடவில்லை. என் அனுபவத்தில் அது போதாது. உங்கள் மகனுக்கு வேண்டவே வேண்டாம். மகள் பார்க்கும்போது அவன் வேறு அறையில் இருந்தாலும் சரி, தாத்தா வீட்டில் இருந்தாலும் சரி, அந்த அறையில் இருக்கக் கூடாது.

மகளுக்குக் காட்டலாமா என்றால், காட்டலாம் என்பேன், ஆனால் எப்படி என்பது முக்கியம். எங்கள் பக்கம் மயானக் கொள்ளைத் திருவிழா பார்த்திருப்பீர்கள். காளி வேஷம் கட்டி, முகமெல்லாம் நீலமும் சிவப்புமாக, நாக்கு தொங்க ஆடி வருவார்கள். அதைவிடப் பயங்கரமான ஒன்றைப் பிள்ளைகள் எந்தப் படத்திலும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் தெருவெல்லாம் பிள்ளைகள். அப்பா தோள்மேல் உட்கார்ந்து, அவர் தலைமுடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறைத்து மறைத்துப் பார்க்கும். பயம் தாங்க முடியவில்லை என்றால் முகத்தைப் புதைத்துக்கொள்ள ஒரு இடம் இருக்கிறது. வேஷம் கலைந்ததும் அது எதிர்வீட்டு அண்ணன் என்று தெரியும். இந்தப் படத்தையும் அந்த மாதிரி காட்ட வேண்டும். ராத்திரி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போது போடுங்கள். பக்கத்தில் ஒட்டி உட்காருங்கள். ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிடுங்கள், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லுங்கள். நிறுத்துகிற அதிகாரம் தன்னிடம் இருக்கிற பிள்ளை அதிக தூரம் போவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஆங்கிலத்திலேயே போட்டு, நடுநடுவே நிறுத்தி நான் தமிழில் கதை சொல்வேன். அந்த இடைவெளியே பாதிப் பயத்தைக் குறைத்துவிடுகிறது. கடைசிப் பகுதியில் மாய அம்மா முகம் விரிசல் விட்டு, சிலந்தி மாதிரி கால்களோடு வலைக்குள் துரத்துவாள். படத்திலேயே கடினமான இடம் அது. அங்கே வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் இந்தப் பொம்மைகளை எப்படிச் செய்தார்கள் என்று காட்டும் வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன, அவளோடு சேர்ந்து பாருங்கள். அதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிடுங்கள், பத்து நிமிடத்தோடு நிறுத்தாமல்.

இப்படிப்பட்ட படங்கள் பிள்ளைகளுக்குத் தைரியம் வளர்க்கும் என்று நிறையப் பேர் உறுதியாக எழுதுகிறார்கள். நான் அந்த அளவுக்குச் சொல்ல மாட்டேன். இருட்டுக்குப் பயந்த ஒரு பிள்ளை இந்தப் படத்தால் இருட்டுக்குப் பயப்படாமல் ஆனதாக நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது, பயத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. ஒரு பெண், யார் வீட்டுக்குப் போகத் தனக்குப் பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்பதை, "அவங்க பட்டன் அம்மா மாதிரி மிஸ்" என்று என்னிடம் சொன்னாள். அதை விசாரித்து, அவள் அம்மாவிடம் பேசி, செய்ய வேண்டியதைச் செய்தோம். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் படத்தை இன்னும் பல தடவை போடுவேன்.

கடைசியாக ஒன்று, உங்கள் மகள் இதை நிச்சயம் கேட்பாள், தயாராக இருங்கள். மாய உலகத்து அப்பா, பியானோ முன்னால் உட்கார்ந்து கோரலைனுக்குப் பாட்டுப் பாடுகிறவர். அவர் கெட்டவர் இல்லை. மாய அம்மா ஆட்டிவைக்கிறபடி ஆடுகிறவர். தோட்டத்தில் கோரலைனைத் துரத்தும்போதுகூடத் தன் கை தன் பேச்சைக் கேட்கவில்லை என்று மன்னிப்புக் கேட்கிறார். தண்ணீருக்குள் மூழ்கும் கடைசி நொடியில் அவள் தேடுகிற கண்ணை அவளிடம் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார். அதன் பிறகு அவர் என்ன ஆனார் என்று படம் சொல்வதே இல்லை. மாய உலகத்து வைபியும் அப்படித்தான். பேச முடியாதவன், அவளுக்கு உதவுகிறான், அப்புறம் அவன் சட்டை மட்டும் தொங்குகிறது. ஆவியான மூன்று பிள்ளைகளுக்கு விடுதலை உண்டு, இவர்கள் இருவருக்கும் ஒரு வார்த்தைகூட இல்லை. படத்தின் குறைகளில் எனக்கு மனசுக்குள் நிற்பது இதுதான். 5 தடவையும் மாடிப்படி இறங்கும்போது யாராவது ஒரு பிள்ளை என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "அந்த அப்பா என்ன ஆனாரு மிஸ்?" என்று கேட்டிருக்கிறது. படத்தில் அதற்குப் பதில் இல்லை என்று உள்ளபடியே சொல்லி, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பேன். போன தடவை ஒரு பையன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அவர் நீந்திக் கரையேறி எங்கேயோ பியானோ வாசித்துக்கொண்டிருப்பார் என்றான்.